ஒரு நோயை முறையாகப் படிப்பது எப்படி? காசநோயை முன்வைத்து ஒரு வழிகாட்டி

மருத்துவத் துறைக்கு வெளியே இருந்துகொண்டு நோய்களைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். செவிலியர் படிப்பிலும் மருந்தாளுநர் படிப்பிலும் முதலாண்டில் சேர்ந்திருப்பவர்கள், கிராம சுகாதாரத் தன்னார்வலர்கள், உடல்நலம் பற்றி எழுத முனையும் இதழாளர்கள், வீட்டில் ஒருவருக்கு நோய் வந்த பிறகு அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று தவிக்கிறவர்கள் எனப் பலரும் இதில் அடக்கம். இவர்களில் பெரும்பாலோர் தொடங்கும் விதம் ஒன்றுதான். நோய்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அறிகுறி, காரணம், மருந்து என்று நான்கு வரி எழுதியிருக்கும் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். இரண்டு வாரத்தில் டைபாய்டும் டெங்குவும் மலேரியாவும் மனத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

நான் பரிந்துரைப்பது வேறு வழி. ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் அதனுடனேயே இருங்கள். காரணம், தடுப்பு, சிகிச்சை என்று பாடநூல்கள் மூன்று தலைப்புகளாகப் பிரித்துவைத்திருப்பவை உண்மையில் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை என்பது ஒரு நோயின் அடிவரை போனால்தான் பிடிபடும். மருந்தை ஏன் ஆறு மாதம் தர வேண்டும் என்ற கேள்விக்கான விடை கிருமியின் இயல்பில் இருக்கிறது. யாருக்குத் தடுப்பு மருந்து தர வேண்டும் என்ற கேள்விக்கான விடையோ நோய் பரவும் விதத்தில் இருக்கிறது.

முதல் நோயாகக் காசநோயை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். காரணக் கிருமி 1882 முதல் தெரியும். குணப்படுத்தும் மருந்துகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கையில் இருக்கின்றன. இருந்தும் 2023 இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேர் புதிதாக நோய்வாய்ப்பட்டனர், 12.5 லட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்த நோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் இந்தியர்கள். மருந்து இருந்தும் ஏன் இத்தனை சாவு என்ற கேள்வியே ஒரு நல்ல பாடத்திட்டம். அத்துடன், இந்த நோயின் சிகிச்சையையும் தடுப்பையும் உலகம் பார்க்கும் விதத்தை மாற்றிய ஆய்வுகளில் சில சென்னையிலும் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களிலும் நடந்தவை. நம் ஊர் மக்கள் பங்கேற்று உருவான அறிவை நாம் படிக்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

முதற்படி: எண்களைப் படிக்கப் பழகுங்கள்

ஒரு குறிப்பேட்டை எடுத்து, முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். இந்த நோய் யாருக்கு வருகிறது? எங்கே வருகிறது? எப்போது வருகிறது? கிருமியின் பெயரைத் தெரிந்துகொள்ளும் முன்பே இந்த மூன்றுக்கும் விடை தேட வேண்டும். ஏனெனில் ஒரு நோய் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. அந்த ஏற்றத்தாழ்வுதான் காரணத்தை நோக்கிய முதல் தடயம். காசநோய் ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது; நெருக்கமான குடியிருப்புகளில் கூடுதல்; கல்குவாரிகளில் சிலிக்காத் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளர்களிடம் கூடுதல்; மெலிந்தவர்களிடம் கூடுதல். இவற்றையெல்லாம் காரணம் தெரியாமலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கிடைக்கும்.

எண்களில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஓராண்டில் புதிதாக நோய்வாய்ப்பட்டவர்களின் எண்ணிக்கை வேறு, குறிப்பிட்ட ஒரு நாளில் நோயுடன் இருப்பவர்களின் எண்ணிக்கை வேறு. நோய் பல மாதம் நீடிப்பதென்றால் இரண்டாவது எண் பெரிதாகிவிடும். இன்னொன்று, மதிப்பீட்டுக்கும் பதிவுக்கும் உள்ள இடைவெளி. இந்தியாவில் காசநோயாளிகளைப் பற்றித் தனியார் மருத்துவர்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012 இல் ஆணை வந்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் தனியார் துறையிலிருந்து வரும் பதிவுகள் ஏறியதைப் பார்த்து நோய் பரவுகிறது என்று முடிவுகட்டினால் அது தவறு. முன்பு கண்ணில் படாதவர்கள் இப்போது கணக்கில் வந்தார்கள் என்பதே நடந்தது. மதிப்பீட்டின்படி அதே காலத்தில் நோய் குறைந்தே வந்திருக்கிறது: 2015 இல் ஒரு லட்சம் பேருக்கு 237 ஆக இருந்தது 2023 இல் 195 ஆனது. ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள், எத்தனை பேரில் எண்ணினார்கள் என்று பக்கத்திலேயே குறித்துவைக்கும் பழக்கம் வேண்டும்.

இரண்டாம் படி: கிருமியையும் உறுப்பையும் சேர்த்துப் படியுங்கள்

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். அந்தக் கிருமியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை பல இருந்தாலும், தொடக்கத்தில் இரண்டு இயல்புகள் போதும். அதன் மேலுறையில் மெழுகு போன்ற கொழுப்பு மிகுதியாக இருக்கிறது. ஆதலால் சாதாரணச் சாயம் எளிதில் ஏறாது, ஏறிய சாயத்தை அமிலத்தால்கூடக் கழுவ முடியாது. நுண்ணோக்கியில் அதை அடையாளம் காண உதவுவதே இந்த இயல்புதான். அடுத்தது, அது மிக மெதுவாகப் பெருகும் கிருமி. குடலில் வாழும் ஈ. கோலை போன்ற பாக்டீரியா சாதகமான சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 மணி நேரம் ஆகும். ஆய்வகத்தில் அதை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருப்பதும், நோய் மெல்ல மெல்ல முற்றுவதும், சிகிச்சை மாதக்கணக்கில் நீள்வதும் இந்த மந்தகதியோடு தொடர்புடையவை.

உறுப்பைப் பொறுத்தவரை, நுரையீரலின் காற்றுப்பைகளைப் பற்றிப் பத்தாம் வகுப்புப் பாடம் தரும் அறிவே போதுமான தொடக்கம். நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகள் காற்றில் மிதந்து இன்னொருவரின் காற்றுப்பையை அடைகின்றன. அங்கே உடலின் பாதுகாப்புச் செல்கள் கிருமியை விழுங்கி, அதைச் சுற்றி ஒரு முடிச்சுபோலக் கட்டிவிடுகின்றன. பெரும்பாலோரிடம் கதை இங்கேயே நின்றுவிடும். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினர் மட்டுமே வாழ்நாளில் எப்போதாவது நோயாளி ஆகிறார்கள். தொற்று வேறு, நோய் வேறு என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் அடுத்த படி எளிதாகும்.

மூன்றாம் படி: காரணங்களை அடுக்கடுக்காக எழுதுங்கள்

கிருமிதான் காரணம் என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவதுதான் தொடக்க நிலையில் நடக்கும் பெரிய பிழை. தொற்று ஏற்பட்ட நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு நோயே வரவில்லை என்றால், மீதிப் பேரைக் கிருமியைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் வீழ்த்தியிருக்கிறது. அந்த வேறு ஏதோ ஒன்றின் பட்டியலில் ஊட்டச்சத்துக் குறைபாடு, எச்ஐவி தொற்று, சர்க்கரை நோய், புகைபிடித்தல், மிகையான குடி ஆகியவை முக்கியமானவை. சர்க்கரை நோய் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இல்லாதவரைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு.

குறிப்பேட்டில் நடுவே கிருமியை எழுதி, அதற்கு வெளியே உடலின் நிலையை எழுதி, அதற்கும் வெளியே வீடு, வேலை, வருமானம் ஆகியவற்றை எழுதுங்கள். காற்றோட்டமில்லாத ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்துறங்குவது ஒரு காரணம். தினக்கூலி போய்விடும் என்பதால் இருமலோடு ஒன்றரை மாதம் வேலைக்குப் போவதும் ஒரு காரணம். அந்த ஒன்றரை மாதமும் அவர் உடனிருப்பவர்களுக்குத் தொற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காசநோய்ச் சாவுகள் 19 ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே குறைந்துகொண்டு வந்தன; அப்போது மருந்து ஒன்றுமே கிடையாது. உணவா, வீட்டு வசதியா, நோயாளிகளைத் தனியே வைத்ததா, எது எவ்வளவு உதவியது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வாதம் எப்படியிருந்தாலும், வெளி அடுக்கில் நடக்கும் மாற்றம் உள் அடுக்கில் இருக்கும் நோயைக் குறைக்கும் என்பதற்கு அது சான்று.

இந்த அடுக்குகளை எழுதும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் “இதை மாற்ற முடியுமா? யாரால் முடியும்?” என்றும் எழுதுங்கள். அந்தப் பத்தியே பின்னால் உங்கள் தடுப்பு அத்தியாயமாகிவிடும்.

நான்காம் படி: ஆய்வுகளை நேரில் படியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு மருந்து வேலை செய்கிறது என்பதை எப்படி அறிகிறோம்? மருந்து சாப்பிட்டார், குணமாகிவிட்டார் என்பது சான்றாகாது. சாப்பிடாமலே குணமாகியிருக்கலாம். காசநோயிலேயே மருந்து வருமுன் காலத்தில் ஒரு பகுதியினர் தாமாகவே தேறியிருக்கிறார்கள். ஆகவே எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேட்கப் பழக வேண்டும். இதைக் கற்க இரண்டு ஆய்வுகள் போதும்.

முதலாவது, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1948 இல் வெளியிட்ட, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைப் பற்றிய ஆய்வு. போருக்குப் பிந்தைய காலம். மருந்து எல்லோருக்கும் போதாது. எனவே முற்றிய நுரையீரல் காசநோய் உள்ள 107 பேரை, மருத்துவரின் விருப்பத்துக்கு இடம் தராமல் மூடிய உறைகளில் இருந்த சீட்டின்படி இரண்டாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு அன்றைய வழக்கமான படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். பலர் இந்த ஆய்வை இத்துடன் படித்து நிறுத்திவிடுகிறார்கள். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களில் 32 பேரும் பெறாதவர்களில் 35 பேரும் இறந்திருந்தார்கள். இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒற்றை மருந்தைத் தந்ததால் அதை எதிர்த்து நிற்கும் கிருமிகள் பெருகிவிட்டன என்பதே இதற்கு முக்கியக் காரணம். ஓர் ஆய்வைப் படிக்கும்போது எத்தனை நாள் பின்தொடர்ந்தார்கள் என்று பார்ப்பது ஏன் அவசியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஆய்வு சென்னையில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956 இல் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சிதான். காசநோயாளி என்றால் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் நல்ல உணவும் தூய காற்றும் தர வேண்டும் என்பதே அக்காலத்து நம்பிக்கை. இந்தியாவின் நோயாளிகள் அத்தனை பேருக்கும் படுக்கை தேடுவது நடக்காத காரியம். மருந்தை மட்டும் வீட்டிலேயே சாப்பிட்டால் போதுமா? சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டு முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறுபகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஓராண்டு காலம் ஒரே மருந்துகளைத் தந்தார்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான இடத்தில் வசித்தார்கள், குறைவாக உண்டார்கள், ஓய்வும் குறைவு. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் 86 சதவீதம், சானடோரியப் பிரிவில் 92 சதவீதம். வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் பரவிவிடவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே பரவ வேண்டியது பரவியிருந்தது, மருந்து தொடங்கிய பின் பரவல் விரைவாகக் குறைந்தது. 1959 இல் முடிவுகள் வெளியான பிறகு உலகின் பல நாடுகள் சானடோரியங்களைக் கைவிட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறின.

இதைப் படித்ததும் உணவு முக்கியமில்லை போலிருக்கிறது என்று ஒருவர் முடிவுசெய்யக்கூடும். இங்கே நிதானிக்க வேண்டும். அந்த ஆய்வு கேட்ட கேள்வி, சக்திவாய்ந்த மருந்து இருக்கும்போது சானடோரிய வசதி கூடுதல் பலன் தருமா என்பதே. நோயாளியுடன் வசிப்பவருக்கு நல்ல உணவு கிடைத்தால் அவருக்கு நோய் வராமல் தடுக்க முடியுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. அதற்கான விடை 2023 இல், ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் என்ற ஆய்வில் கிடைத்தது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரை ஆராய்ந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள்கள் தந்தார்கள். சில பகுதிகளில் உடன் வசிப்பவர்களுக்கும் தந்தார்கள். அவர்களுக்கும் தந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை ஏறிய நோயாளிகள் இறப்பது குறைவாக இருந்ததும் தெரிந்தது. இந்த இரண்டாவது செய்தி ஒரு தொடர்பை மட்டுமே காட்டுகிறது. எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கக்கூடிய உடல்நிலையில் இருந்ததால் எடை ஏறியதா என்பதைப் பிரித்தறிய வேறு வகை ஆய்வு வேண்டும். குறிப்பேட்டில் இரண்டையும் ஒரே வலிமையோடு எழுதிவிடாதீர்கள்.

“39 சதவீதம் குறைந்தது” என்ற வாக்கியத்தைக் கண்டால் எதில் 39 சதவீதம் என்றும் கேளுங்கள். ஆயிரம் பேரில் 20 பேருக்கு வர வேண்டிய நோய் 12 பேருக்கு வருவதும், ஆயிரம் பேரில் 200 பேருக்கு வர வேண்டியது 122 பேருக்கு வருவதும் சதவீதத்தில் ஏறத்தாழ ஒன்றே. ஊருக்கு ஆகும் பயனில் இரண்டும் ஒன்றல்ல.

ஐந்தாம் படி: சோதனை முடிவுகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைநேரக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வியர்த்தல், சளியில் ரத்தம் ஆகியவை நுரையீரல் காசநோயின் அறிகுறிகள். இவை வேறு நோய்களிலும் வரும். ஆதலால் சோதனை தேவைப்படுகிறது. பழைய முறையில் சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் அதில் தென்படும். ஆகவே கிருமி தெரியவில்லை என்றால் நோயில்லை என்று பொருளாகாது. இன்று அரசு மையங்களில் செய்யப்படும் சிபிநாட், ட்ரூநாட் சோதனைகள் கிருமியின் மரபுப் பொருளையே தேடுகின்றன. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்துக்குள் தெரிவித்துவிடுகின்றன.

எந்தச் சோதனையானாலும் ஒரு கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும். நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டுபிடித்து, நோயில்லாதவர்களில் 98 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கும் ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நெடுநாள் இருமலோடு வந்த 1,000 பேரில் 100 பேருக்கு நோய் இருக்கிறது என்றால், அச்சோதனை 90 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 900 பேரில் 18 பேரைத் தவறாகப் பிடிக்கும். நோய் உண்டு என்று முடிவு வந்த 108 பேரில் 90 பேர் உண்மையான நோயாளிகள். இப்போது அதே சோதனையை அறிகுறி எதுவும் இல்லாத 10,000 பேருக்குச் செய்கிறோம். அவர்களில் 20 பேருக்குத்தான் நோய். சோதனை 18 பேரைச் சரியாகவும் ஏறத்தாழ 200 பேரைத் தவறாகவும் பிடிக்கும். கருவி மாறவில்லை, அதன் தரம் மாறவில்லை, ஆனால் நோய் உண்டு என்று வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நலமானவர்கள். யாரைச் சோதிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் ஒரு சோதனையின் முடிவுக்குப் பொருள் சொல்ல முடியாது. முழு உடல் பரிசோதனை விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு மிகவும் உதவும்.

ஆறாம் படி: சிகிச்சையில் ஒவ்வொரு “ஏன்” என்பதற்கும் விடை தேடுங்கள்

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கையும் இரண்டு மாதமும், பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றை அடுத்த நான்கு மாதமும் இந்தியாவில் தருகிறார்கள். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவது பயன் தரும்.

ஏன் பல மருந்துகள்? கிருமிகள் பெருகும்போது தற்செயலாகச் சில மாறிப்போகின்றன. ஐசோனியாசிடை எதிர்க்கும் கிருமி ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்றும், ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமி ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒன்றும் இயல்பாகவே தோன்றும். நுரையீரலில் உண்டாகும் ஒரு குழியில் பத்துக் கோடி கிருமிகள் இருக்கக்கூடும். ஒரே மருந்தைத் தந்தால் அதை எதிர்க்கும் கிருமிகள் மட்டும் தப்பிப் பிழைத்துப் பெருகும். 1948 ஆய்வில் நடந்தது இதுதான். இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி தோன்றும் வாய்ப்பு அந்த இரு எண்களின் பெருக்கற்பலனில் ஒன்று. அத்தனை கிருமிகள் எந்த மனித உடலிலும் இருப்பதில்லை.

ஏன் ஆறு மாதம்? சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமிகளை மருந்துகள் சில வாரங்களிலேயே பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. நோயாளிக்கு இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, எடை ஏறுகிறது. ஆனால் பெருகாமல் ஒடுங்கிக் கிடக்கும் கிருமிகளை மருந்து எளிதில் தொடாது. அவற்றை அழிக்கவே எஞ்சிய மாதங்கள். நலமாக உணரும் மனிதர் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டியிருப்பது இந்தச் சிகிச்சையின் ஆகக் கடினமான பகுதி. அதை நோயாளியின் அலட்சியம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாத்திரைகள் வாந்தியையும் மூட்டுவலியையும் தருகின்றன. ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிறது, அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். கண் மஞ்சளாவது, பார்வை அல்லது நிறமறியும் திறன் குறைவது ஆகியவை வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இவற்றை ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு தன்னார்வலரால் நோயாளிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இவற்றை எளிய சொற்களில் முன்கூட்டியே சொல்வதுதான்.

மருந்து சரியாக இருந்தும் ஏன் சிலர் இறக்கிறார்கள் என்று பார்ப்பதும் இந்தப் படியைச் சேர்ந்தது. சிகிச்சையின் தொடக்க வாரங்களிலேயே பல சாவுகள் நேர்கின்றன. அதைக் குறைக்கத் தமிழ்நாடு 2022 இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானதும் கடுமையான மெலிவு இருக்கிறதா, மூச்சுத்திணறல் இருக்கிறதா, பிறர் தாங்காமல் நிற்க முடிகிறதா என்று சுகாதாரப் பணியாளரே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வழி செய்வதே அதன் உட்கரு. சென்னை ஆய்வு பெரும்பாலோருக்கு வீடே போதும் என்று காட்டியது. எந்தச் சிலருக்கு வீடு போதாது என்பதை எளிய அளவுகோலால் கண்டுபிடிப்பது இத்திட்டத்தின் வேலை.

ஏழாம் படி: தடுப்பு

மூன்றாம் படியில் எழுதிய அடுக்குகளை இப்போது திறந்துவையுங்கள். நோயாளியை விரைவில் கண்டுபிடித்து முழுச் சிகிச்சை தருவதே முதல் தடுப்பு. காற்றோட்டம், உணவு, சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவை அடுத்து வரும். நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு, நோய் இல்லை என்று உறுதிசெய்த பின், தடுப்புச் சிகிச்சையாக மாத்திரைகள் தருகிறார்கள்.

தடுப்பூசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் இடது தோளில் போடும் பிசிஜி 1921 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில் அது மிக நல்ல பலன் தந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 இல் தொடங்கிய மாபெரும் ஆய்வில் ஏறத்தாழ 2.8 லட்சம் பேருக்குச் சீட்டு முறையில் தடுப்பூசியோ மருந்தில்லாத ஊசியோ போட்டுப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரியவந்தது. இடத்துக்கு இடம் பலன் மாறக் காரணமென்ன என்று தேடியவர்கள், மண்ணிலும் நீரிலும் உள்ள இதே இனத்துக் கிருமிகளோடு மக்களுக்கு முன்பே ஏற்பட்டிருக்கும் தொடர்பையும், ஏற்கெனவே ஏற்பட்டிருந்த தொற்றையும் முக்கியமாகக் கருதுகிறார்கள். அப்படியானால் இன்னும் ஏன் குழந்தைகளுக்குப் போடுகிறோம்? மூளையுறையைத் தாக்கும் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய் ஆகிய கொடிய வடிவங்களிலிருந்து அது சிறு குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. தடுப்பூசி பலன் தருமா என்ற கேள்வியை யாருக்கு, எந்த வடிவ நோய்க்கு எதிராக, எவ்வளவு காலம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க இந்த ஒரு வரலாறு போதும்.

எங்கே படிப்பது, எங்கே நிறுத்துவது

உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்கக் குறிப்பு, ஆண்டுதோறும் அது வெளியிடும் காசநோய் அறிக்கை, இந்திய அரசின் காசநோய் ஒழிப்புத் திட்ட வழிகாட்டு நெறிகள் ஆகிய மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் பப்மெட் தளத்தில் பார்க்கலாம். கட்டுரையைப் படிக்கும்போது முடிவுரைக்குத் தாவாமல், எத்தனை பேர், எப்படிப் பிரித்தார்கள், எத்தனை பேர் இடையில் விலகினார்கள் என்பதை முதலில் தேடுங்கள். சிகிச்சை நெறிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஒவ்வொரு குறிப்பிலும் வெளியான ஆண்டை எழுதுங்கள்.

புத்தகத்தோடு நிற்காமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மருத்துவ அலுவலரின் அனுமதியோடு, காசநோய்ப் பிரிவின் பணியாளரிடம் பேசிப் பாருங்கள். சளி மாதிரி எப்படிப் போகிறது, முடிவு எத்தனை நாளில் வருகிறது, மருந்து வாங்க வராதவரை எப்படித் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். நோயாளிகளின் பெயரையோ முகவரியையோ குறிப்பேட்டில் எழுதக் கூடாது. படம் எடுக்கவே கூடாது. இந்த நோய் வந்தது தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும், வேலை போய்விடும் என்ற பயம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது.

நீங்கள் படிக்கிறீர்கள் என்று தெரிந்ததும் உறவினர்கள் மருந்து கேட்டு வருவார்கள். மருந்தின் பெயரைச் சொல்லாதீர்கள். சித்தப்பாவுக்கு இரண்டு வாரமாக இருமல் என்றால் நீங்கள் சொல்ல வேண்டியது, அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், நாளைக்கே போகலாம், நானும் கூட வருகிறேன் என்பதுதான்.

இரண்டாவது நோய்

காசநோய்க் குறிப்பேடு ஓரளவு நிறைந்ததும் அடுத்து இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் காரண அடுக்கில் அது ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. அது நோய் எதிர்ப்பாற்றலை எப்படிக் குறைக்கிறது என்ற இடத்திலிருந்தே தொடங்கலாம். யாருக்கு, எங்கே, எப்போது என்ற கேள்விகளும், ஒப்பீட்டு ஆய்வும், சோதனைக் கணக்கும் அங்கேயும் அப்படியே பயன்படும். மாறுபடும் இடங்களில் கவனம் வையுங்கள். அங்கே ஒற்றைக் கிருமி இல்லை. நோய்க்கும் நலத்துக்கும் இடையிலான கோட்டை மனிதர்களே வரைந்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராம் என்றால் நோய், 125 என்றால் இல்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் புதிய குறிப்பேட்டின் முதல் கேள்வியாக எழுதுங்கள். விழித்திரையில் பாதிப்பு எந்த அளவிலிருந்து கூடத் தொடங்குகிறது என்று பார்த்த ஆய்வுகளில் அதற்கான விடை இருக்கிறது. தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.